வீட்டு வேலைக்குப் பெரிய மானிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், நிரல் எழுதுபவர்கள், புத்தகப் பக்கம் அமைப்பவர்கள் எனப் பலரும் மானிட்டர் வாங்கும் முன் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் நாள் முழுவதும் திரையில் தமிழ்ப் பிழைதிருத்தம் செய்பவன். அதனால் எந்த மானிட்டரிலும் படத்தைவிட எழுத்தையே முதலில் பார்ப்பேன். விளையாட்டுக்கோ வீடியோ தொகுப்புக்கோ மானிட்டர் தேடுபவர்களுக்கு இங்கே சொல்வதில் பாதிதான் பொருந்தும். விலைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றை எழுதவில்லை.

1. லேப்டாப்பிலேயே திரை இருக்கிறதே, தனியாக ஒரு மானிட்டர் அவசியமா?

ஒன்றிரண்டு மணி நேரம் மின்னஞ்சல் பார்ப்பவருக்கு அவசியமில்லை. ஆறு, எட்டு மணி நேரம் உட்காருபவருக்குக் கட்டாயம் வேண்டும் என்பேன். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதவை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை எட்டுவதில்லை. தனி மானிட்டர் வந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இடமும் தாராளமாகக் கிடைக்கும். 27 அங்குலத் திரையின் பரப்பு 15.6 அங்குல லேப்டாப் திரையைப் போல் மூன்று மடங்கு. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும், அல்லது பில்லையும் கணக்குப் பதிவையும் அருகருகே திறந்து வைத்து வேலை செய்யலாம்.

2. 24, 27, 32 என்று கிடைக்கிறதே, எத்தனை இன்ச் வாங்க வேண்டும்?

கடைக்குப் போகும் முன் மேசையை அளந்துவிடுங்கள். இன்ச் என்று சொல்லப்படுவது மூலைக்கு மூலை எடுத்த குறுக்களவு. நமக்குத் தேவை அகலம். வழக்கமான 16:9 வடிவத்தில் 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ., 27 அங்குலம் 60 செ.மீ., 32 அங்குலம் 71 செ.மீ., 43 அங்குலம் 95 செ.மீ. திரையின் அகலம் எவ்வளவோ, கண்ணுக்கும் திரைக்கும் இடையே குறைந்தது அவ்வளவு தூரம் வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதைவிட நெருங்கினால் ஓரங்களைப் படிக்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

60 செ.மீ. ஆழமுள்ள மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டின் பாதம் பின்னால் நீளுவதால் திரை சுவரிலிருந்து 15 அல்லது 20 செ.மீ. முன்னே வந்து நிற்கும். நீங்களோ மேசை விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி உட்காருவீர்கள். மிஞ்சுவது 60 முதல் 65 செ.மீ. இந்த மேசைக்கு 27 அங்குலம் சரியாக இருக்கும். 75 செ.மீ. மேசைக்கு 32 அங்குலம் பொருந்தும்.

45 செ.மீ. ஆழமுள்ள சிறிய கம்ப்யூட்டர் டேபிள்தான் இருக்கிறது என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மானிட்டரைச் சுவரில் பொருத்தி, மேசையை முன்னால் இழுத்துப் போடுங்கள். ‘பெரிது வாங்கினால் நல்லதுதானே’ என்று சிறிய மேசையில் 32 அங்குலத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டாம். கண்ணும் கழுத்தும் தாங்காது.

3. 27 இன்ச் ஃபுல் எச்டி மலிவாகக் கிடைக்கிறது. அதையே வாங்கிவிடலாமா?

வாங்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஃபுல் எச்டி என்றால் 1920 × 1080 பிக்சல்கள், அதாவது திரையில் படத்தை உருவாக்கும் நுண்ணிய புள்ளிகள். அதே எண்ணிக்கையை 24 அங்குலத்தில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல் கிடைக்கும். 27 அங்குலத்தில் பரப்பினால் 82தான். ஒவ்வொரு பிக்சலும் 0.31 மி.மீ. அகலத்துக்குப் பெருத்துவிடுகிறது. திரை பெரிதாகிறது, ஆனால் வேலை செய்யும் இடம் ஒரு வரி கூடக் கூடுவதில்லை. எக்செலில் முன்பு எத்தனை வரிசைகள் தெரிந்தனவோ அத்தனைதான் இப்போதும் தெரியும்.

தமிழ் படிப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய குறை. விண்டோஸில் 100 சதவீத அளவில் 11 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 15 பிக்சல் உயரம். ஆங்கில எழுத்து அதற்குள் சுலபமாக அடங்கிவிடும். ‘ண’வின் சுழிகளும் ‘கீ’யின் மேல்கொம்பும் ‘ஞூ’வின் வளைவும் புள்ளியும் அதே பதினைந்துக்குள் அடங்கியாக வேண்டும். பிக்சல் பெரிதாக இருந்தால் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோலத் தோன்றும், ‘க’வின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க நேரும். பிழைதிருத்துபவரின் வேலையே இந்தப் புள்ளிகளைப் பார்ப்பதுதான்.

27 அங்குலத்துக்குக் குறைந்தபட்சம் 2560 × 1440 வேண்டும். அதில் அங்குலத்துக்கு 109 பிக்சல். வழக்கமான வரிசை உயரத்தில் எக்செலில் 18 வரிசைகள் கூடுதலாகத் தெரியும். பணம் அதற்கு எட்டாவிட்டால் 24 அங்குல ஃபுல் எச்டி வாங்குங்கள். 27 அங்குல ஃபுல் எச்டியைவிட அது நல்லது.

4. 4கே வாங்கினால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடும் என்கிறார்களே?

அமைப்பை மாற்றாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். விண்டோஸில் திரை அமைப்புக்குள் போய் அளவை 150 சதவீதத்தில் வையுங்கள். 27 அங்குல 4கே திரையில், அதாவது 3840 × 2160இல், இப்படிச் செய்தால் எழுத்தின் உயரமும் திரையில் கிடைக்கும் இடமும் 2560 × 1440 திரையில் உள்ளது போலவே இருக்கும். ஆனால் முன் கேள்வியில் சொன்ன 15 பிக்சல் எழுத்து இப்போது 22 பிக்சலால் வரையப்படும். அளவு மாறாமல் தெளிவு மட்டும் கூடுகிறது. ஒரு பிக்சலின் அகலம் 0.155 மி.மீ. நல்ல பார்வை உள்ளவருக்கும் 60 செ.மீ. தூரத்தில் தனிப் பிக்சல் தெரிவதில்லை. அச்சிட்ட பக்கத்தைப் படிப்பது போன்ற அமைதி கண்ணுக்குக் கிடைக்கிறது.

ஒரே எச்சரிக்கை: சில பழைய மென்பொருள்கள் இந்த அளவு மாற்றத்துக்கு ஏற்ப எழுதப்படவில்லை. அவை மங்கலாகவோ மிகச் சிறிதாகவோ தெரியும். உங்கள் வேலை முழுவதும் அத்தகைய ஒரே மென்பொருளில்தான் என்றால், 4கே திரை உள்ள யாரிடமாவது அதைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. அப்படியானால் 32 இன்ச்சில் 2560 × 1440 எடுத்தால் எப்படி இருக்கும்?

அங்குலத்துக்கு சுமார் 92 பிக்சல். 24 அங்குல ஃபுல் எச்டியின் தெளிவுதான், இடம் மட்டும் அதிகம். அளவை மாற்றாமலே எழுத்து சற்றுப் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்கும், பழைய கணக்கு மென்பொருளில் எண்களை மட்டுமே பார்ப்பவர்களுக்கும் இது ஒத்துவரும். தமிழ் அதிகம் படிப்பவர் 32 அங்குலத்துக்குப் போவதானால் 4கேதான் எடுக்க வேண்டும்.

6. ஒரே பெரிய திரையா, இரண்டு 24 இன்ச் திரைகளா?

உங்கள் வேலையைக் கவனித்துப் பாருங்கள். திரையில் திறந்த ஒரு ஜன்னலில் எழுதிக்கொண்டே இன்னொன்றை அவ்வப்போது திரும்பிப் பார்ப்பவர் என்றால் இரண்டு திரைகள் போதும். இரண்டு ஆவணங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவருக்கு ஒரே பெரிய திரை நல்லது. இரண்டு 24 அங்குலத் திரைகளைச் சேர்த்து வைத்தால் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டும். அவை சேரும் கோடு சரியாக மூக்குக்கு நேரே நிற்கும். அப்படி வைத்தால் நாள் முழுவதும் கழுத்து ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே இருக்கும்.

இரண்டு திரை வைப்பவர்கள் முக்கியமானதை நேரெதிரே வைத்து, மற்றதைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். இரண்டாவதைச் செங்குத்தாகத் திருப்பி வைக்க முடிந்தால் நீண்ட ஆவணங்களைப் படிக்க அருமையாக இருக்கும். நான் அதிகம் பரிந்துரைப்பது நேரே ஒரு 27 அங்குலம், பக்கத்தில் திறந்த லேப்டாப். அரட்டையும் மின்னஞ்சலும் லேப்டாப்பில் கிடக்கட்டும்.

7. 34 இன்ச் அகலத் திரை, அதுவும் வளைந்தது, வாங்கலாமா?

34 அங்குல அகலத் திரை பெரும்பாலும் 3440 × 1440. 27 அங்குல 2560 × 1440 திரையின் உயரத்தை அப்படியே வைத்து அகலத்தை மட்டும் 80 செ.மீ. வரை நீட்டியது என்று கொள்ளுங்கள். நடுவில் கோடில்லாமல் மூன்று ஜன்னல்களை வரிசையாகத் திறக்கலாம். நீண்ட எக்செல் தாளில் வேலை செய்பவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் இது மிகவும் பிடித்துப்போகிறது.

இந்த அகலத்தில் வளைவு பயனுள்ளது. விவரக் குறிப்பில் வளைவு 1500ஆர் என்றிருந்தால் 1500 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு என்று பொருள். எண் குறையக் குறைய வளைவு கூடும். ஓரங்கள் கண்ணை நோக்கித் திரும்புவதால் அங்குள்ள எழுத்து சாய்வாகத் தெரிவதில்லை. ஆனால் பக்க வடிவமைப்பு, கட்டட வரைபடம் போன்று நேர்கோடு நேராகவே தெரிய வேண்டிய வேலை செய்பவர்கள் தட்டையானதையே எடுங்கள். 27 அங்குலத்தில் வளைவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இணையவழிக் கூட்டங்களில் ஒன்றைக் கவனியுங்கள். அகலத் திரை முழுவதையும் பகிர்ந்தால் எதிர்முனையில் சாதாரண லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்தே தெரியாது. தேவையான ஜன்னலை மட்டும் பகிருங்கள்.

8. ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்று குழப்புகிறார்கள். எதை எடுப்பது?

மூன்றும் திரைப் பலகத்தின் வகைகள். எழுத்து வேலைக்கு ஐபிஎஸ். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, எழுத்தும் சீராக இருக்கும். கறுப்பு முழுக் கறுப்பாக இராமல் சற்று வெளிறித் தெரியும். சாதாரண ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் சுமார் 1000:1. விஏவில் அது 3000:1 அளவுக்குப் போகும். இருட்டறையில் படம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மலிவான விஏ திரைகளில் கறுப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டினால் பின்னால் நிழல் இழுபடும்.

ஓஎல்இடியின் படம் அற்புதம். ஆனாலும் வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸின் பணிப்பட்டை போன்று ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வடிவங்கள் திரையில் தடமாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. தவிர, பல ஓஎல்இடி திரைகளில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லை. அதனால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரியும்.

9. வீட்டில் 43 இன்ச் 4கே டிவி சும்மா இருக்கிறது. அதையே மானிட்டராக வைத்துக்கொண்டால் என்ன?

தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். பிக்சல் அடர்த்தி மோசமில்லை, அங்குலத்துக்கு 102. ஆனால் இரண்டாவது கேள்வியின் கணக்குப்படி 95 செ.மீ. தூரம் வேண்டும், அவ்வளவு ஆழமான மேசை நம் வீடுகளில் அபூர்வம்.

பெரும்பாலான டிவிகள் படத்துக்காகச் செய்யப்பட்டவை. நிறத் தகவலில் ஒரு பகுதியைக் குறைத்துக் காட்டும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. திரைப்படத்தில் அது தெரியாது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்தால் உடனே தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் சில டிவிகளில் இது சரியாகிவிடும். படத்தைக் கூர்மையாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். கணினி உறங்கும்போது டிவி தானாக உறங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நிரந்தர வேலைக்கு என்றால் மானிட்டரே வாங்குங்கள்.

10. 144 ஹெர்ட்ஸ் வேண்டுமா?

திரையில் நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதே ஹெர்ட்ஸ். எழுத்து வேலைக்கு 60 போதும். 100 கிடைத்தால் பக்கத்தை உருட்டும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும். 144க்காகத் தெளிவை விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் ‘கேமிங் மானிட்டர்’ என்று வேகத்தைக் காட்டி 27 அங்குல ஃபுல் எச்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

11. புதிய 4கே மானிட்டரில் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது. மானிட்டரில் கோளாறா?

அநேகமாகக் கோளாறு மானிட்டரில் இல்லை, இணைப்பில்தான் இருக்கும். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே போனால் நொடிக்கு 30 முறைதான் படம் மாறும். 60க்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். லேப்டாப்பின் துளை, நடுவில் உள்ள மாற்றி (அடாப்டர்), கேபிள், மானிட்டரின் துளை ஆகிய நான்கில் எது பழையதோ அதன் வேகம்தான் கிடைக்கும்.

முதலில் விண்டோஸின் மேம்பட்ட திரை அமைப்பில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 30 என்று இருந்தால் மானிட்டரோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையே பழைய வகை என்றால், அதில் படம் அனுப்பும் யுஎஸ்பி-சி துளை இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் பெரும்பாலும் வேலையை முடித்துவிடும்.

12. ஒரே யுஎஸ்பி-சி கேபிளில் படம், சார்ஜ் எல்லாம் வருமாமே?

வரும், மிகவும் வசதியானதுதான். ஆனால் எல்லா யுஎஸ்பி-சி துளைகளும் ஒன்றல்ல. சில லேப்டாப்களில் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டும். துளையின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மாடலின் விவரக் குறிப்பில் தேடுங்கள்.

மானிட்டர் எத்தனை வாட் கொடுக்கிறது என்பதும் முக்கியம். மெல்லிய லேப்டாப்களுக்கு 65 வாட் போதும். பெரியவற்றுக்கு 90க்கு மேல் வேண்டும். உங்கள் சார்ஜரில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். போனோடு வந்த சார்ஜ் கேபிளைச் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். அவற்றில் பல, படம் அனுப்புபவை அல்ல.

13. அலுவலக மேக்புக் ஏரில் இரண்டாவது மானிட்டர் வேலை செய்யவில்லை. ஏன்?

எந்தச் சிப் என்று பாருங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3, மூடியை மூடினால் இரண்டை ஏற்கும். எம்4 மூடி திறந்திருந்தாலும் இரண்டை ஏற்கும். டிஸ்ப்ளேலிங்க் வகை டாக், அதாவது பல துளைகள் உள்ள இணைப்புப் பெட்டி மூலம் இந்த வரம்பைத் தாண்டலாம். ஆனால் அதற்கு மென்பொருள் நிறுவ வேண்டும். அலுவலக லேப்டாப்பில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று தொழில்நுட்பப் பிரிவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் இரண்டு திரை ஆசையை விட்டு, ஒரே 34 அங்குலத்துக்குப் போவது நல்லது.

14. விண்டோஸில் தெளிவாக இருந்த அதே 27 இன்ச் மானிட்டர், மேக்புக்கில் மங்கலாகத் தெரிகிறதே?

விண்டோஸ் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தைக் கூர்மையாக்குகிறது. ஆப்பிள் 2018இல் வந்த மொஜாவே பதிப்பு முதல் அந்த முறையைக் கைவிட்டது. ஆப்பிளின் சொந்தத் திரைகளில் பிக்சல் மிக நெருக்கமாக இருப்பதால் அது தேவைப்படுவதில்லை. எனவே மேக் வைத்திருப்பவர்களுக்கு 27 அங்குலத்தில் 2560 × 1440 எப்போதும் சற்று மென்மையாகவே தெரியும். 4கே எடுத்து, 2560 × 1440 போலத் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பிக்சல் அதிகமான 5கே வாங்க முடிந்தவர்களுக்கு அதுவே மிகச் சிறந்தது.

15. பெரிய திரை கண்ணைக் கெடுக்குமா? நீல ஒளிக் கண்ணாடி போட வேண்டுமா?

திரையின் நீல ஒளி கண்ணைப் பாதிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் சொல்கிறது. சிறப்புக் கண்ணாடிகளையும் அது பரிந்துரைப்பதில்லை. கண் எரிச்சலுக்கு முக்கியக் காரணம், திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துபோவதுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியுள்ள ஒன்றை இருபது நொடி பார்க்கும் பழக்கம் நல்லது. அந்த நேரத்தில் மெதுவாக இமைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட உடனடியாகச் செய்ய வேண்டியது ஒளியைக் குறைப்பது. பல மானிட்டர்கள் கடைக்கேற்ற வெளிச்சத்தோடு வீட்டுக்கு வருகின்றன. ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் அருகே பிடியுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே அளவில் இருக்கும்வரை ஒளியைக் குறையுங்கள். இரவில் இன்னும் குறையுங்கள். ஒளியைக் குறைத்தபின் கண் வலித்தால், திரை மிக வேகமாக விட்டு விட்டு எரியும் வகையா என்று பார்க்க வேண்டும். ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ என்று குறிப்பிட்டிருக்கும் மாடலை எடுத்தால் இந்தத் தொல்லை இராது.

16. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிகிறேன். பெரிய மானிட்டர் வந்ததிலிருந்து கழுத்து வலிக்கிறது.

அருகில் உள்ளதைப் பார்க்க உதவும் பகுதி கண்ணாடியின் கீழே இருக்கிறது. திரையின் மேற்பகுதியைப் படிக்க, உங்களை அறியாமலே முகவாயைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறீர்கள். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. உங்களுக்கு இன்னும் இறக்கி வைத்து, திரையைச் சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டும். பெரிய திரையில் இது எளிதல்ல. 32 அங்குலத் திரை மட்டுமே சுமார் 40 செ.மீ. உயரம். ஸ்டாண்டை முழுவதும் இறக்கினாலும் மேல் விளிம்பு கண்ணுக்கு மேலே நின்றுவிடலாம். ஆகவே ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரத்தை வாங்கும் முன்பே கேளுங்கள்.

கண் மருத்துவரிடம் உங்கள் கண்ணிலிருந்து திரை இருக்கும் தூரத்தைச் செ.மீட்டரில் சொல்லி, கணினிக்கென்றே ஒற்றைப் பார்வைக் கண்ணாடி கேட்டு வாங்குவது இதைவிட நல்ல தீர்வு. அதை வாங்கிய பலர் வலி தீர்ந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

17. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கிறது. அதிக வெளிச்சமுள்ள மானிட்டர் வாங்க வேண்டுமா?

முதலில் மேசையைத் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் உங்கள் இடப்புறமோ வலப்புறமோ இருக்கட்டும். முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம். நம் ஊர் மதிய வெயிலோடு எந்த மானிட்டரும் போட்டி போட முடியாது. மேசையை நகர்த்த வழியில்லாதவர்கள் பளபளப்பில்லாத திரையும் திரைச்சீலையும் சேர்த்து வாங்குங்கள்.

18. மின்சாரம் போனால் என்ன ஆகும்? மின்கட்டணம் கூடுமா?

27 அங்குல மானிட்டர் வேலை நேரத்தில் சுமார் 30 முதல் 40 வாட் எடுக்கும். 40 வாட் என்றே வைத்து, நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்று கணக்கிட்டால் இரண்டு மாத பில்லில் 16 யூனிட்.

மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணைந்துவிடும். கூட்டத்தின் நடுவே ஜன்னல்களெல்லாம் சிறிய திரைக்குள் வந்து குவியும். மானிட்டரையும் வைஃபை ரவுட்டரையும் சிறிய யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால் போதும். சுமை குறைவு என்பதால் சாதாரண 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ்ஸே நன்றாகத் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் ‘யுபிஎஸ் மோடு’ என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைத்தால் மாற்றம் வேகமாக நடப்பதால் பெரும்பாலும் மானிட்டர் அணையாது.

19. மானிட்டரை ஆர்மில் மாட்டலாமா?

ஆர்ம் என்பது மேசை விளிம்பைக் கவ்வி மானிட்டரைத் தாங்கும் உலோகக் கை. ஆழமில்லாத மேசைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்டாண்டின் பாதம் போய்விடுவதால் திரையைச் சுவர்வரை தள்ளலாம். மூன்றைப் பாருங்கள். மானிட்டரின் பின்புறம் நான்கு திருகுத் துளைகள், வழக்கமாக 100 × 100 மி.மீ. இடைவெளியில், இருக்க வேண்டும். சில மலிவான மாடல்களில் அவை இருப்பதில்லை. ஸ்டாண்ட் இல்லாத எடை ஆர்மின் வரம்புக்குள் வர வேண்டும். மேசைப் பலகை பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கவ்வும் இடத்தில் மேலும் கீழும் உலோகத் தகடு வையுங்கள்; இல்லையென்றால் பலகை நொறுங்கும். கண்ணாடி மேசையில் ஆர்ம் வேண்டவே வேண்டாம்.

20. கடையில் வாங்குவதா, ஆன்லைனிலா? இறந்த பிக்சல் இருந்தால் மாற்றித் தருவார்களா?

எழுத்துத் தெளிவைக் கண்ணால் பார்க்கக் கடைதான் நல்லது. பென் டிரைவில் ஒரு தமிழ்ப் பிடிஎஃப் எடுத்துப் போய், உங்கள் மேசைத் தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள். கடையில் ஓடும் கடற்கரைக் காட்சியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

எங்கு வாங்கினாலும் பெட்டி வந்த அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு பிக்சல் இறந்திருந்தால், அதாவது வேலை செய்யாமல் நின்றுவிட்டிருந்தால், அதைக் குறையாகக் கருதாத வாரண்டிகள் உண்டு. ஆகவே அந்த விதியை முன்பே படித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் கெடு முடியும்வரை தூக்கி எறியாதீர்கள்.

சுயதொழில் செய்து ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீத வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18 சதவீதம்தான். பழைய வரியை மனத்தில் வைத்துப் பெரிய திரையை ஒதுக்கியவர்கள் மறுபடி விலை கேட்டுப் பார்க்கலாம்.

21. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மானிட்டர் வாங்கலாமா?

24 அங்குல ஐபிஎஸ், நல்ல ஸ்டாண்டோடு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அலுவலகங்களுக்கென்று செய்த மானிட்டர்களின் ஸ்டாண்ட் உயரம் மாறும், திரும்பும், சாயும். முன் கேள்வியில் சொன்ன நிறச் சோதனையைச் செய்து, வெள்ளைத் திரையில் ஓரங்கள் மஞ்சளாகவோ மங்கலாகவோ இருக்கின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு பார்ப்பது நல்லது. 4கே, அகலத் திரை போன்றவற்றை வாரண்டி இல்லாமல் பழையதாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

22. என் அலுவலக லேப்டாப், மனைவியின் லேப்டாப் இரண்டும் ஒரே மானிட்டரில், ஒரே கீபோர்டில் ஓட வேண்டும். முடியுமா?

முடியும். ‘கேவிஎம்’ வசதி உள்ள மானிட்டரில் கீபோர்டையும் மவுஸையும் மானிட்டரிலேயே செருகிவிடலாம். ஒரு லேப்டாப் யுஎஸ்பி-சி வழியாகவும், மற்றது எச்டிஎம்ஐயோடு ஒரு யுஎஸ்பி கேபிள் வழியாகவும் இணையும். உள்ளீட்டை மாற்றினால் கீபோர்டும் கூடவே மாறும். 11, 12ஆம் கேள்விகளில் சொன்ன துளைகளைப் பற்றிய எச்சரிக்கை இரண்டு லேப்டாப்களுக்கும் பொருந்தும்.

இந்த வசதியில்லாத மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் தனியாகக் கேவிஎம் பெட்டி கிடைக்கிறது. 4கே, 60 ஹெர்ட்ஸ் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். கீபோர்டை மட்டும் மாற்றினால் போதும், மானிட்டரின் உள்ளீட்டைப் பொத்தானால் மாற்றிக்கொள்கிறோம் என்றால் சாதாரண யுஎஸ்பி ஸ்விட்ச் மலிவு, தொல்லையும் குறைவு. இருவருக்கும் உயரம் வேறு என்பதால் ஸ்டாண்ட் அல்லது ஆர்ம் ஒரு கையால் ஏற்றி இறக்கும்படி இருக்க வேண்டும். காலையில் அவரும் மாலையில் நீங்களும் உட்காருவதானால் அதைத்தான் தினமும் தொடுவீர்கள்.